ரெண்டு கிலோ அக்கா

பரீட்சை எழுதப் போய் வினாத்தாளையே திருத்திவிட்டு வந்த பிறவி ஊவா மாகாணத்திலேயே ஒன்றுதான். அவர்தான் ரெண்டு கிலோ அக்கா.

மூன்று வருடங்களுக்கு முன், பதுளையில் ஒரு கடை மாடியில் சனிக்கிழமை வகுப்பு. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் மட்டும் கோட்டை விட்ட ஒன்பது பேர் நாங்கள். எட்டுப் பேர் பதினெட்டு வயதுக்காரர்கள். அக்காவுக்கு முப்பத்து நான்கு. எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணக்கில் பாஸானால் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கும். முப்பத்தைந்து தாண்டினால் அதுவும் கிடையாது.

அக்காவுக்கு அட்சரகணிதம் தண்ணீர் பட்ட பாடு. தொட்டியில் முப்பது சதவீதம் செலவாகி 70 லிட்டர் மீதியென்றால், முதலில் இருந்தது எக்ஸ் என்று அழகாகத் தொடங்கி நூறில் முடிப்பார். அதோடு விட்டாரா? கீழே ஐந்தைக் கூட்டி 105 என்று கோடு போடுவார்.

"அஞ்சு எங்கேருந்தும்மா வந்திச்சு?" என்று சார் தலையில் கைவைப்பார்.

"பைப்பு ஒழுகாதுங்களா சார்? எங்க லயத்து வீட்டுக்கு வந்து பாருங்க."

கொழுந்துக் கணக்கென்றால் கேட்கவே வேண்டாம். நிறுக்கும்போது சாக்கு எடைக்கென்று கழிப்பார்களே என்று இரண்டு கிலோ கூட்டிவிடுவார். பட்டப்பெயர் ஒட்டியது அப்படித்தான். முன்பு மூன்று முறை கோட்டை விட்டதும் அப்படித்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் எட்டுப் பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

"அக்கா, பேப்பர்ல இல்லாதத எழுதாதீங்க!"

"சரிப்பா, ஒண்ணும் கூட்டல. சத்தியம்."

பார்த்தால் அதே கணக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெண் பறித்த கொழுந்தில் ஈரத்துக்கென்று எட்டு சதவீதம் கழித்தபின் 46 கிலோ, பறித்தது எவ்வளவு? எக்ஸில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் 46, ஆகவே எக்ஸ் 50. நான் எழுதிவிட்டேன். அக்கா எத்தனை போடுவாரோ என்பதுதான் பயம்.

முடிந்ததும் அவரை வாசலிலேயே மடக்கினோம். "எத்தனக்கா போட்டீங்க?"

"அம்பது."

நாங்கள் போட்ட கூச்சலில் காவலாளி ஓடிவந்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அம்பதுன்னுதான் போட்டேன் தம்பி. ஆனா பாவம், அந்தப் பொம்பளைக்குச் சாக்குல ரெண்டு கிலோ போச்சே."

அக்கா பாஸ். இப்போது பிள்ளைமடுவத்தில் பால் அளந்து கொடுக்கிறார். என் கூடப்பிறந்த அக்காவின் மகளும் அங்கேதான் இருக்கிறாள். போன வாரம் அவளைக் கூட்டிவரப் போனேன். ஒவ்வொரு கோப்பையிலும் அளவு ஊற்றிவிட்டு, மேலே ஒரு கரண்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குக்கா?"

"புள்ளைங்க சிந்துங்கல்ல தம்பி."

இந்த முறை நான் திருத்தவில்லை. அவர் சொன்ன விடைதான் சரி.