கோப்பை நைனாவும் இரண்டு ஊர் வலையும்

டென்னிஸ் பார்க்கிறவர்கள் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். பந்து ஓய்ந்த பிறகு மட்டும் டென்னிஸ் பார்த்த ஒரே ரசிகர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே பழவேற்காட்டுக் கோப்பை நைனாதான். ஆட்டம் நடக்கும்போது குறட்டை விடுவார். கடைசிப் பந்து விழுந்து, ஆட்டக்காரர்கள் இருவரும் வலையருகே வந்து கை குலுக்கும் நேரத்துக்கு யாரும் எழுப்பாமலேயே விழித்துக்கொள்வார்.

"பாரு சார், பாரு! இத்தினி நேரம் அட்ச்சிகினானுங்க. இப்ப கை குடுக்கறானுங்க பாரு!" என்று கண் கலங்குவார்.

அப்போது நான் பழவேற்காட்டில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு மேனேஜர். மேனேஜர் என்றால், ஐஸ் உருகினால் திட்டு வாங்குகிற ஆள். அந்தக் கடைத்தெருவில் எங்கள் ஆபீஸில் மட்டும்தான் டிவி இருந்தது. நாட்டுக்கு நாடு ஆண்கள் அணி கட்டி மோதுகிற டென்னிஸ் கோப்பைப் போட்டியை ஒருநாள் அதில் காட்டினார்கள். ஐஸ் வாங்க வந்த நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நம் பையன்களுக்கு எதிரே ஆடியவர்கள் எந்த நாடாக இருந்தாலும் அவருக்கு டச்சுக்காரர்கள்தான். அவர் வீட்டுக்கு எதிரே டச்சுக் கல்லறை. அங்கே படுத்திருப்பவர்களைத் தவிர வேறு வெள்ளைக்காரர்களோடு அவருக்குப் பழக்கமில்லை.

அன்றிலிருந்து மீன்பிடிப்பு அவருக்கு உபதொழிலாகிவிட்டது. நடுவர் வேலைதான் முழுநேரத் தொழில். டிவியில் நடுவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அல்லவா, நைனாவும் மீன் பெட்டிகளை அடுக்கி உச்சியில் ஏறிக்கொண்டார். மீன் ஏலம் சூடுபிடித்த நேரத்தில் மேலேயிருந்து, "கொயட் ப்ளீஸ்!" என்று கத்தினார். ஏலம் என்பதே கத்துவதுதானே! ஏலம் விடுகிற அம்மாள் ஒரு பெரிய மடவை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, "எறங்குறியா, இத்தாலயே ஒண்ணு வுடவா?" என்றார். நைனா விரலை நீட்டி, "வார்னிங்!" என்றார். அடுத்த நொடி மடவை பறந்து வந்தது. "அவுட்டு!" என்று சொல்லிக்கொண்டே நைனா பெட்டிகளோடு கீழே வந்தார்.

பொன்னேரி பஸ்ஸில் இன்னும் மோசம். பாதி வழியில் எழுந்து நின்று, வெயில் பக்கம் உட்கார்ந்தவர்களும் நிழல் பக்கம் உட்கார்ந்தவர்களும் இடம் மாற வேண்டும் என்று உத்தரவு போட்டார். டென்னிஸில் அப்படித்தான் பக்கம் மாறுகிறார்களாம்.

"யோவ், இது பஸ்சா, உன் ஊட்டுத் தோட்டமா?" என்றார் கண்டக்டர்.

"ஏரியில நாங்க முறை வெச்சி மாத்திக்கல? அதே ரூலுதாம்பா இதுவும்."

அதில் நியாயம் இருந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும். கண்டக்டருக்குப் பாடும் தெரியாது, பொறுமையும் கிடையாது. நைனாவை வழியிலேயே இறக்கிவிட்டார். ஆனால் பஸ் கிளம்பியபோது நாலைந்து பேர் நிஜமாகவே பக்கம் மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

இதே பாடுதான் அந்த வருஷம் வம்பைக் கொண்டுவந்தது. இறால் காலத்தில் ஒரு நாள் முறை யாருடையது என்று நைனாவின் குப்பத்துக்கும், ஏரிக்கு நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்துக்கும் தகராறு. இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நைனாவின் மகளுக்கோ பசியாவரத்தில்தான் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. இரண்டு ஊர்த் தலைவர்களும் கையோடு கை வைத்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டால்தான் அங்கே கல்யாணம். "அவன் கையத் தொட்றதுக்கு பதிலா நண்டு வளையில கைய வுடுவேன்" என்று நைனாவின் ஊர்த் தலைவர் சொன்னார். பசியாவரத் தலைவரும் அதையேதான் சொன்னாராம். அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நைனாவே என்னிடம் சொன்னார். அன்றைக்கு டிவி முன்னால் முதல் முறையாகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்தது. கை குலுக்கினார்கள்.

"சார், கைய குடுத்தே ஆவணுமா?"

"ஆமாம் நைனா, அதுதான் வழக்கம்."

"தோத்தவனுமா?"

"தோத்தவனும்தான்."

எழுந்து கைலியை மடித்துக் கட்டினார். "நம்ம ஊர்லயும் ஒரு கோப்பை வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோப்பைக்கு எங்கே போவது? டிவியில் காட்டிய கோப்பை ஏறக்குறைய கல்யாணச் சாம்பார் அண்டா அளவு இருந்தது. ஆகவே சாம்பார் அண்டாவையே புளி போட்டுத் தேய்த்து வைத்தார். இரண்டு தலைவர்களிடமும் தனித்தனியாகப் போய், "தலைவரே, நீ ஆட பயப்படுறேன்னு அந்த ஊர்ல பேசிக்கிறாங்கோ" என்றார். இருவரும் கேப்டனாக இறங்கிவிட்டார்கள். மட்டைகளைச் சென்னையிலிருந்து நான் வாங்கி வந்தேன். அந்த ஊர் வலையில் இந்த ஊர் ஆடாது, இந்த ஊர் வலையில் அந்த ஊர் ஆடாது. அதனால் பாதி வலை இவர்களுடையது, பாதி அவர்களுடையது. நடுவில் இரண்டையும் நைனாவே பின்னி முடிந்தார்.

முதல் பந்தைப் பசியாவரத் தலைவர் நேராக வலையில் அடித்தார். அவர்கள் ஊர்ப் பாதியில் பந்து சிக்கியது. பசியாவரமே எழுந்து ஆடியது.

"வலையில பட்டா தப்பு!" என்று பெட்டி உச்சியிலிருந்து அலறினார் நைனா.

"வலையில மாட்டுனா தப்பா? அப்ப இன்னாத்துக்குய்யா வலையக் கட்டுன?" என்று கேட்டது பசியாவரத் தலைவர் இல்லை, அவருக்கு எதிரே ஆடிய நைனாவின் சொந்த ஊர்த் தலைவர். மாதக்கணக்கில் அந்த இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

எந்த ஊர்ப் பாதியில் பந்து மாட்டுகிறதோ அந்த ஊருக்குப் பாயிண்ட் என்று சட்டம் மாறியது. அப்புறம் வலையைத் தாண்டிப் பந்து போனால் கூட்டம் காறித் துப்பியது. இரண்டு ஊரும் வெறியோடு வலையையே அடித்துச் சரிசமமாக வந்து நின்றன. அடுத்த பந்துக்குக் கோப்பை. நைனாவின் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். பந்து நட்டநடுவில், நைனா போட்ட முடிச்சில் போய் மாட்டிக்கொண்டது.

தலைவர்கள் இருவரும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கமாகப் பந்தைப் பிடித்தார்கள்.

"வுடுய்யா, எங்க வலை!"

"நீ வுடு, எங்க கண்ணியில கீது!"

இரண்டு ஊரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. மணமகளின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நைனாவின் குரல் மட்டும் மேலேயிருந்து வந்தது.

"தலைவரே, ஏரியில ரெண்டு வலையும் பின்னிகினா, அதுல மாட்டுன மீனு யாருதுப்பா?"

இருவரும் யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த பதில்.

"பாதி பாதி."

"அவ்ளோதான், மேட்ச் ஓவர்! தோத்தவனும் இல்ல, ஜெயிச்சவனும் இல்ல. கை குடுங்க!"

கொடுப்பதற்குத் தனியாக ஒன்றும் இல்லை. பந்தைப் பிடித்த இரண்டு கைகளும் ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் இருந்தன. பசியாவரத் தலைவர் முதலில் சிரித்தார். நைனா உச்சியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

பாடுத் தகராறு அதற்கப்புறமும் நீடித்தது. ஆனால் முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டார்கள், அது பெரிய முன்னேற்றம். கல்யாணத்தில் கோப்பை நிறையச் சாம்பார் கொதித்தது. மணமகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதை நானே பார்த்தேன்.

நைனா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவரைப் போல் ஒரு கிறுக்கரை நான் அப்புறம் பார்க்கவில்லை. பார்க்காதது எனக்கு வருத்தம்தான். இப்போதும் டென்னிஸ் பார்க்கிறேன். கடைசிப் பந்து விழுந்ததும் வீட்டில் ரிமோட்டைத் தேடுவார்கள். "இருங்க, இன்னும் கை கொடுக்கலை" என்பேன். அந்த நேரத்தில், பக்கத்து நாற்காலியில் குறட்டைச் சத்தம் சட்டென்று நின்றது போலிருக்கும்.