தேனிலவுக்கு வந்த பஸ்

வகுப்பில் நடத்துகிற பாடத்தை வகுப்போடு விட்டுவிட வேண்டும். வெளியே எடுத்துக்கொண்டு போய்ச் செய்து பார்க்கக் கூடாது. இந்த ஞானம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதனால்தான் என் தேனிலவுக்கு ஒரு லயத்து ஜனமே கிளம்பி வந்தது.

போர்நிறுத்தம் வந்து, பொத்துவில் பாதையில் ஜனங்கள் பயமில்லாமல் போய்வரத் தொடங்கியிருந்த காலம். நான் பசறைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். புது உத்தியோகம், புதுக் கண்ணாடி, புது மனைவி. (மூன்றிலும் கண்ணாடிக்குத்தான் அப்போது அதிகம் பயந்தேன். உடைந்தால் பதுளைக்குப் போக வேண்டும்.)

எங்கள் குடித்தனம் தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். பக்கத்துக் காம்பராவில் பெரியசாமி சித்தப்பா இருந்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் செல்வராணியின் காதோடு, "தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி, இந்தக் குளிருல எப்புடி வரும்?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா பதில் சொன்னார்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு நாளாவது இவளோடு தனியாகப் பேசியாக வேண்டும். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. பொத்துவிலுக்குப் போகலாம் என்றேன். சாதாரண பஸ்ஸில் போனால் அதிலும் நாலு சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஆகவே பசறை டவுனில் வாடகை வாகனக் கடை வைத்திருந்த ரவூப் நானாவிடம் ஒரு வெள்ளைக் கார் பேசி, முழுக் காசையும் முன்னாலேயே கட்டிவிட்டேன். பௌர்ணமிப் போயா லீவுக்குப் பயணம்.

முதல்நாள் பின்னேரம் உறுதிப்படுத்தப் போனேன். நானா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"சேர், கார் கராஜ்ல கெடக்கு. கியர் பொக்ஸ் போயிட்டு. காசத் திருப்பித் தந்துடுறேன், கோவிக்காதீங்க."

நல்ல மனிதன். காசை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் நான் பத்தாம் வகுப்புக்கு நுகர்வோர் உரிமைகள் பாடம் நடத்தி முடித்திருந்தேன். தொண்டையில் இன்னும் அந்தச் சூடு ஆறவில்லை.

"நானா, காசத் திருப்பிக் குடுத்தா முடிஞ்சிருமா? நான் ஒரு நுகர்வோர். சொன்ன சேவை இல்லைன்னா மாற்றுச் சேவை குடுக்கணும். அதுவும் பேசினதுக்குக் குறைஞ்சதா இருக்கக் கூடாது. இல்லைன்னா அரசாங்கக் கச்சேரிக்குப் போய் முறைப்பாடு குடுப்பேன்!"

கடைக்கு வந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். (பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.) நானா தாடியைச் சொறிந்தார்.

"த்ரீவீல் ஒண்ணு இருக்கு சேர்..."

"சின்னது வேணாம்."

"அப்ப, பெருசா இருந்தா?"

"பெருசா இருந்தா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்று சொல்லிவிட்டு வெற்றி வீரனாக வெளியே வந்தேன். வான் வரும் என்று நினைத்தேன். செல்வராணியிடம் போய், "பாடம் நடத்திட்டு வந்திருக்கேன்," என்று பெருமையடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பாவும், "கெட்டிக்காரன்தான்," என்றார்.

விடிந்தும் விடியாமலும் கீழே, தொழிலாளர்கள் காலையில் கூடுகிற பெரட்டுக் களத்திலிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. அது கார் ஹோர்ன் இல்லை. வான் ஹோர்னும் இல்லை. நானா கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற பெரிய பஸ், முன் கண்ணாடியில் காகிதப் பூ மாலையோடு நின்றது. போன கல்யாணத்து மாலை. டிரைவர் இறங்கி வந்து பணிவாகச் சொன்னார்: "சேர், இது சின்னது இல்லையான்னு நானா கேக்கச் சொன்னாரு."

போயா நாள். கொழுந்து எடுக்கப் போக வேண்டாம் என்று தோட்டமே வீட்டில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் வெறும் சீட்டோடு ஒரு வாகனம் புறப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. "சேர் கடலுக்கு பஸ் புடிச்சிருக்காராம்!" என்று கடைசிக் காம்பராவில் யாரோ சொல்ல, பத்து நிமிடத்தில் மூட்டை, முடிச்சு, பிள்ளைகள், ரொட்டிச் சட்டி எல்லாம் வந்துவிட்டன. முதலில் ஏறியவர் சித்தப்பா. எங்கள் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை.

"எல்லாரையும் எறக்கி விடும்மா," என்று மூட்டையோடு வந்து நின்ற அம்மாவிடம் கெஞ்சினேன்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. இத்தன சீட்ட வெறுமனே கொண்டு போனா நாலு பேரு காறித் துப்பமாட்டாங்க?" என்றபடி அம்மாவும் ஏறினாள்.

முழுக் காசும் கட்டிய நுகர்வோருக்கு மட்டும் சீட் கிடைக்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல், கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்து பொத்துவில் வரை போனேன். செல்வராணி நாலாவது வரிசையில் இரண்டு அத்தைகளுக்கு நடுவில் நெருக்குண்டு இருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. ஒவ்வொரு வாந்திக்கும் பஸ் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சித்தப்பா, "சேருக்கு நன்றி சொல்லுங்கப்பா!" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்தது.

கடலைக் கண்டதும் டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். அத்தனை பேரும் இறங்கி ஓடினார்கள். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேயிலை மலையே இல்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செல்வராணி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை.

"என்னா?" என்று கத்தினேன்.

"கார்ல வந்திருந்தா டிரைவர் பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்திருப்பாரு!" என்று அவளும் கத்தினாள்.

இது என் வணிகக் கல்வி மூளைக்குத் தோன்றவே இல்லை. மூன்று மாதமாகக் காதோடு பேசியது அத்தனையும் லயத்துக்கே கேட்டது. இப்போது தொண்டை கிழியக் கத்தியும் ஒருவருக்கும் கேட்கவில்லை. சிரிப்புத் தாங்கவில்லை. இருவரும் கத்திக் கத்திப் பேசினோம். நான் குறட்டை விடுவதைச் சொன்னாள். அவள் சமைக்கும் பருப்பில் உப்புக் கூடுவதை நான் சொன்னேன். அப்புறம் அவள் முழுத் தைரியத்தையும் திரட்டிக்கொண்டு, "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு!" என்று கத்தினாள்.

பாழாய்ப்போன அலை சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்வாங்கி அமைதியாகிவிட்டது. கரையே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

முழங்கால் தண்ணீரில் நின்ற சித்தப்பா மட்டும் திரும்பாமல் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் கேக்கல்ல புள்ள, நீ சொல்லு!"

இப்போது எங்களுக்கு லயத்துக்குப் பக்கத்திலேயே சொந்த வீடு, கூரை வரை சுவர். ஆனாலும் பதுளையில் வாங்கிய ஃபேன் சுற்றவில்லை, சப்பாத்து கிழிந்துவிட்டது என்று நான் பில்லைத் தேடத் தொடங்கினால் போதும், செல்வராணி வாசலுக்குப் போய் லயத்துப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்லுவாள். உடனே அங்கிருந்து சித்தப்பாவின் குரல் கேட்கும்:

"ஏய், சேர் கடக்காரனோட சண்டைக்குப் போறாராம்! எல்லாரும் சோத்தக் கட்டுங்க!"