பெரியண்ணன் நின்றபடியே படித்த அளவு

மதிப்பிற்குரிய பெரியண்ணன் தாக் வொன்-மோ அவர்களின் திருமுன், சித்தப்பா மகன் கி-சொப் பணிந்து எழுதுவது.

பெர்சிமன் பழங்களை உரித்துக் கயிற்றில் தொங்கவிடும் பருவம் வந்துவிட்டது. இந்தக் குளிர் தங்கள் முழங்காலைத் தொந்தரவு செய்யாதிருக்க வேண்டும். அண்ணியின் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என நம்புகிறேன். சம்பந்தி வீட்டாரைப் பயமுறுத்தியதற்கு நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், தங்கள் பேத்தி யு-ரிம்மின் கல்யாணம் நின்றுபோனால் நானே பொறுப்பு என்றும் சொல்லியனுப்பியிருந்தீர்கள். ஆகவே முறைப்படி மன்னிப்புக் கேட்கிறேன். எதற்கு என்பதையும் முறைப்படி எழுதிவிட்டால் பிற்பாடு குழப்பம் வராது.

சூசொக் பண்டிகைக்கு முந்தைய வாரம், முன்னோர் படையலுக்கும் சம்பந்தி வீட்டுப் பரிசுக்குமாக அண்ணி போட்டிருந்த அரிசி மது புளித்து முடிந்துவிட்டதா என்று பார்க்க என்னை அழைத்தீர்கள். பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் என்பதால் அழைத்தீர்கள் என்று நினைத்தேன்; மேசை தூக்க ஓர் ஆள் குறைந்தது என்று வந்தபின் தெரிந்தது. தங்கள் மகன் ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த, மதுவில் மிதக்கவிட்டு இனிப்பை அளக்கும் திரவமானியைக் கேட்டேன். அண்ணி அதைச் சமையலறைக் கரண்டிக் குவளையிலிருந்து உருவி வந்தார்கள். மற்றக் கரண்டிகளைப் போலவே அதுவும் குண்டுத்தலை மேலே, காம்பு கீழே என்று புத்தாண்டிலிருந்து அங்கேயே நின்றதாம். “நீளக் காம்பும் உருண்டைத் தலையுமா இருந்துச்சு தம்பி, ஏதோ அந்த ஊர்க் கரண்டின்னு நெனச்சேன். சூப்புல விட்டா ஒரு சொட்டு அள்ள வரல. அந்த ஊர்க்காரங்க எப்படித்தான் சாப்பிடுறாங்களோ!” என்றார்கள். இதை முதலில் வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சரிபார்க்கலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “என் பையன் வாங்கிட்டு வந்ததையா சோதிக்கப் போற? கல்யாணத்தன்னிக்கு மாமனார் போட்ட மோதிரத்தையே உரசிப் பாத்தவனாச்சே நீ!” என்றீர்கள். கூடம் முழுதும் சிரித்தது. தனித்துத் தெரியக் கூடாதே என்று நானும் சிரித்தேன்.

பிறகு மதுவை வடிகட்டி, குலுக்கிக் குமிழிகளைப் போக்கி, உயரக் குடுவையில் ஊற்றி, திரவமானியை மெல்ல விட்டு, அது குடுவைச் சுவரில் ஒட்டாதபடி சுழற்றிவிட்டேன். குடுவை நின்றதோ நமது குட்டை மேசையில். கண் திரவ மட்டத்துக்கு நேராக வர வேண்டுமானால் மண்டியிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நன்றாகக் குனிந்தாக வேண்டும். குனிந்தேன். “பாருங்கடா, வாத்தியார் சாராயத்துக்கு வணக்கம் போடுறான்! தாத்தா சமாதியில கூட இவ்ளோ குனிஞ்சதில்லடா நீ!” என்றீர்கள். அந்தச் சிரிப்பொலிக்கு நடுவில் நான் படித்தேன். திரவம் தண்டோடு ஒட்டிக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு, தட்டையாகக் கிடக்கும் மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். மட்டம், வெறும் தண்ணீரில் நிற்க வேண்டிய தண்ணீர்க் கோட்டுக்குப் பத்துக் கோடு கீழே நின்றது; இனிப்பான திரவம்தான் திரவமானியை அப்படித் தூக்கிப் பிடிக்கும். அதாவது மதுவில் இனிப்பு இன்னும் மிச்சம், ஈஸ்ட் இன்னும் வேலையில் இருக்கிறது, இப்போதே புட்டியில் அடைத்து இறுக்கினால் புட்டி வெடிக்கும்.

“நகரு” என்றீர்கள். மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் பத்திரமாக இருக்க, குனியாமல், நின்ற உயரத்திலிருந்தே ஒரு பார்வை. “தண்ணிக் கோடு. முடிஞ்சிருச்சு. மூடுங்க.” அடுத்த மூத்தவர் எட்டிப் பார்த்து, “ஆமா, தண்ணிக் கோடுதான்” என்றார். அவருக்கு அடுத்தவர் எட்டிப் பார்க்கவும் இல்லை, “அண்ணன் பாத்தாச்சுல்ல?” என்றார். நம் குடும்பத்தில் அளவும் வயது வரிசையில்தான் இறங்கி வருகிறது. அது என்னிடம் வந்து சேர்ந்தபோது எனக்கே பத்துக் கோடு மங்கலாகத் தெரிந்தது. “ஆமாண்ணா” என்றேன்.

புட்டிகள் ஊர் ஊராகப் போயின. மிக அழகான புட்டி, பட்டுத்துணி சுற்றி, தேஜொன் நகரில் உள்ள சொனு குடும்பத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போனது. எனக்கு அந்தப் பத்துக் கோடே நினைவில் நின்றது. சம்பந்திக்குத் தொலைபேசியில் பேசினேன். “ஐயா, அந்தப் புட்டி இப்ப எங்கே இருக்கு?” என்று கேட்டேன். “பரிசாச்சேங்க, கூடத்துல, எங்கப்பா படத்துக்குக் கீழ வெச்சிருக்கோம்” என்றார். “அதைக் கொஞ்சம் போர்வையில சுத்தி, ஆளில்லாத பக்கமா வெச்சிடுங்களேன். யாரும் குனிஞ்சு பாக்க வேணாம்” என்றேன். “ஏங்க?” என்றார். “பயப்பட ஒண்ணுமில்லீங்க. அறிவியல்தான்” என்றேன். இதைவிட நிதானமாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? அவர்கள் அதைப் போர்வையில் சுற்றிக் கீழே கார் நிறுத்துமிடத்தில் வைக்க, சுற்றி வைத்த பொட்டலத்தைப் பார்த்த காவலாளி மஞ்சள் நாடா கட்ட, அடுக்குமாடிக்காரர்கள் அத்தனை பேரும் செருப்போடு வெளியே வந்து நிற்க, சம்பந்தி தங்களைக் கூப்பிட்டு, “உங்க வீட்டுலேர்ந்து வந்தது பரிசா, மிரட்டலா?” என்று கேட்கும்படி ஆகிவிட்டது. நிச்சயதார்த்தத் தேதியைப் பற்றி அதன்பின் அவர்கள் பேச்செடுக்கவில்லை என்று அறிகிறேன்.

ஆகவே மன்னிப்புக் கேட்கிறேன், அண்ணா. தங்கள் மூக்குக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்து தானாக ஏறி வராததற்காக மன்னிப்புக் கேட்கிறேன். குடும்பத் தலைவர் குனியாமல் படிக்கும் உயரத்துக்கு மது எழுந்து நிற்காததற்காகக் கேட்கிறேன். ஈஸ்ட் என்னும் உயிரினம் மூத்தோர் சொல்லைக் கேட்டு வேலையை நிறுத்திக்கொள்ளாததற்காகக் கேட்கிறேன். புட்டி இன்னும் வெடிக்கவில்லையே என்று கேட்டனுப்பினீர்கள். வெடிக்காதது ஆதாரமாகாது. அது காத்திருக்கிறது. வாழ்நாளில் நான் எதையும் உறுதியாகச் சொன்னதில்லை; பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன் என்று தாங்களே சொல்வீர்கள். இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: பத்துக் கோடு. கோபத்தில் தாங்கள் என்னிடமே அனுப்பிவிட்ட திரவமானி என் மேசைமேல்தான் இருக்கிறது. வேண்டுமானால் இனி யாரும் அதைச் சோதிக்கலாம்.

தங்கள் முழங்கால் வலுப்பெறவும், அண்ணி நீண்ட காலம் நலமாக வாழவும், யு-ரிம் எந்த வீட்டுக்குப் போனாலும் குறைவின்றி இருக்கவும் வேண்டிக்கொண்டு, தலை தாழ்த்தி,

தம்பி
தாக் கி-சொப்
மிர்யாங்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் இதை உறையின் முதுகில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்க வேண்டாம். கடிதத்துக்குப் பக்கபலமாக இருக்கட்டுமே என்று திரவமானியை இப்போதுதான் வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டேன். தண்ணீரிலும் பத்துக் கோடு கீழேதான் நிற்கிறது. தண்ணீரை மாற்றினேன், ஆறவைத்தேன், மண்டியிட்டேன், என் மனைவியையும் மண்டியிடச் சொன்னேன். பத்துதான். கரண்டிக் குவளையில் மாதக்கணக்கில் தலைகீழாக நின்றதில் காம்புக்குள்ளே இருக்கும் அளவுத்தாள் அதன் நுனிப்பக்கம் நகர்ந்து சிக்கிக்கொண்டிருக்கிறது. அன்று நான் படித்த பத்தில் இந்தப் பத்தைக் கழித்தால் தாங்கள் சொன்ன தண்ணீர்க் கோடு. மது அன்றே முடிந்துவிட்டது. புட்டியால் ஓர் ஆபத்தும் இல்லை. தயவுசெய்து உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். நாளை விடிகாலை ரயிலில் தேஜொன் போய், அந்தப் புட்டியைச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மடியில் வைத்துத் திறந்து, முதல் கிண்ணத்தை நானே குடிக்கிறேன். யு-ரிம்மிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அண்ணா: இனி எந்த மதுவை அளந்தாலும், மூக்குக்கண்ணாடியை மட்டும் போட்டுவிடாதீர்கள்.