டைம்கீப்பரின் வலி நோட்டு

வலி ஒழுங்காக வந்தால்தான் இனி ஆஸ்பத்திரி என்று ஒரே முடிவாக இருந்தார் டைம்கீப்பர். பஸ் டிப்போவில் வண்டி வரும் நேரத்தை எழுதுகிற உத்தியோகம். முதல் பிரசவம் என்று இரண்டு தடவை மனைவியை அலறியடித்துக்கொண்டு கூட்டிப்போனபோது, "பொய் வலி சார், வீட்டுக்குப் போங்க" என்று நர்ஸ் சிரித்த சிரிப்பின் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று மத்தியானம் மறுபடி ஆரம்பித்தது. மனிதர் வாசலை மறித்து நாற்காலி போட்டு, நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, வருதுங்க..."

"மூணு பத்து. போனது மூணு ரெண்டு. எட்டு நிமிஷம். அதுக்கு முந்தினது ஆறு. ஒழுங்கே இல்லையே!"

"இதென்ன உங்க பஸ்ஸா?"

"நிஜ வலின்னா இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரணும். ஆஸ்பத்திரியில நடத்தின கர்ப்பிணி வகுப்புல நீ தூங்கினே, நான் எழுதிக்கிட்டேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். நிஜமாகவே இருந்துவிட்டால்? வீட்டிலேயே பிறந்துவிட்டால்? பயத்தில் இன்னும் அழுத்தி எழுதினார்.

அவள் அடுக்களைக்குப் போய், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஜன்னல் வழியாக ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. பொய் வலிதான். நடந்தா அடங்கிடும்னு வகுப்புல சொன்னாங்களாமே, நடந்து பார்ப்போமா?"

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் 'நீங்க சொன்னதுதான் சரி' என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பூரித்துப்போய்க் கிளம்பினார்.

முதல் தெரு முனையில் அவர் தோளை இறுக்கிப் பிடித்து நின்றாள்.

"எத்தனை?"

"அஞ்சு."

"சரி, இடது பக்கம் திரும்புங்க."

சலவைக்கடை வாசலில் மறுபடி நின்றாள். அவள் நகம் அவர் தோளில் பதிந்தது.

"நாலு. அடங்கலையேடி!"

"இன்னும் கொஞ்சம் நடந்தா அடங்கும். வலது பக்கம். தலையைத் தூக்காதீங்க, கணக்கு தப்பிடும்."

மூன்று. மறுபடி மூன்று. நெற்றி வியர்வை சொட்டி மை கலைந்தது.

"ஒழுங்கா வருதே! ஐயோ, ஒழுங்கா வருதேடி!"

"ஏங்க... பனிக்குடம் உடைஞ்சுடுச்சு."

நோட்டு எங்கோ பறந்தது. "வண்டி! யாராவது ஒரு வண்டி பிடிங்களேன்! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

எதிரே ஸ்டூலில் இருந்த காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு எந்த ஆஸ்பத்திரி சார் போகணும்?"

அப்போதுதான் தலையைத் தூக்கினார். மேலே போர்டு. கீழே துணிப்பையுடன் தையல்காரம்மா. பக்கத்தில் சக்கர நாற்காலியோடு அதே நர்ஸ்.

"நல்ல நேரத்துல வந்துட்டீங்க," என்று அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே நர்ஸ் கேட்டாள். "கூட்டிட்டு வந்தது யாரு?"

டைம்கீப்பர் சட்டையை இழுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் சிஸ்டர்," என்றது நாற்காலி. "இவரைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."