சிவப்புக் கூடும் பச்சைச் சட்டையும்

இந்த வருஷம் என் சட்டை வால் அந்தச் சுவரில் தொங்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். உயிரே போனாலும் சரி. செத்தவன் சட்டையில் யாரும் கத்தரி வைக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அயோவா மாநிலத்தின் தெற்கில் எங்கள் வழக்கம் அது. மான் வேட்டையில் குறி தவறியவன், அன்றைய விருந்தில் எழுந்து நின்று சட்டையின் பின்னால் தொங்கும் அடிப்பகுதியை, அதாவது வாலைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதி, மச்சான் டுவேனின் டிராக்டர் கொட்டகைச் சுவரில் ஆணி அடிப்பார்கள். அங்கே தொங்குவதில் பாதி என்னுடையது. அந்த மூலைக்கு 'லோரன் ஜவுளிக்கடை' என்று டுவேன் பலகையே மாட்டிவிட்டான்.

பழைய சட்டைகள் போனால் போகட்டும். இந்த முறை நான் போட்டிருந்தது பச்சைக் கம்பளிச் சட்டை. என் மனைவி மார்லிஸ் கல்யாண நாளுக்காகத் தன் கையால் தைத்தது. அவள் ஊருக்கே துணி தைப்பவள். எனக்கென்று தைத்தது அதுதான் முதல் தடவை. அதில் கத்தரி விழுந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்?

அவள் மனசை நினைத்துத்தான் பொய் சொன்னேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை என் மனசை நினைத்தும் இருக்கலாம்.

எங்களுடையது குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. ஒரே வெடி. போனால் போனதுதான். ஓடைக்கரையில் ஒரு பெட்டை மான் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றது. சுட்டேன். புகை கலைந்தது. மான் அங்கேயே நின்று என்னைப் பார்த்தது. பிறகு எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று மெதுவாக நடந்து போனது.

பார்த்தவர் யாருமில்லை. ஆனால் சாட்சி இருந்தது.

மருந்தைப் பற்றவைப்பது பயறளவு பித்தளைக் கேப்பு. அது சட்டைப் பொத்தான் அளவுள்ள சிவப்பு பிளாஸ்டிக் கூட்டில் உட்கார்ந்திருக்கும். கூட்டோடுதான் துப்பாக்கிக்குள் வைக்க வேண்டும். வெடித்ததும் கேப்பு வீங்கிப்போய்க் கூட்டைக் கவ்விக்கொள்ளும். அதைத் தள்ளி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு வைத்தால் கூடு மறுபடியும் உதவும். இந்த வேலையெல்லாம் மார்லிஸுடையது. காலையில் கேப்பு வைத்த மூன்று கூடுகளை மிட்டாய் டப்பாவில் போட்டுத் தருவாள். சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். வெடித்த கூடு இருந்தால், "மான் எங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

மாற்றி வைக்க வேறு கூடு இல்லை. மிச்சமெல்லாம் அவள் தையல் மேசை இழுப்பறையில். புதுக் கேப்புகள் மட்டும் பின்கட்டு அலமாரியில் இருந்தன. வீடு திரும்பியதும் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆணியும் சுத்தியலுமாகக் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டேன்.

கூட்டை ஒரு பெரிய நட்டின் மேல் வைத்து, துளையில் ஆணியை நிறுத்தித் தட்டினேன். கேப்பு அசையவில்லை. என் கட்டைவிரல் அசைந்தது.

"லோரன், உள்ள என்ன சத்தம்?"

"குழாய் ரிப்பேர்."

"குழாயா 'ஐயோ அம்மா'ன்னு கத்துச்சு?"

"அது நான்."

"மான் கிடைச்சுதா?"

"கண்ணுலயே படல மார்லிஸ்."

"சுடவே இல்லையா?"

"எதைச் சுடுறது? காத்தையா?"

"ஏதோ அழுகின முட்டை நாத்தம் அடிக்குதே. கருமருந்து வாசனை மாதிரி."

"மத்தியானம் முட்டை சாண்ட்விச் குடுத்தியே, அதான்."

"நான் வச்சது வான்கோழி."

குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

கடைசியில் கேப்பு துள்ளி விழுந்தது. கூட்டில் கரி அப்பியிருந்தது. என் பல் பிரஷ்ஷைத் தியாகம் செய்தேன். சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, வாயால் ஊதி, துண்டால் துடைத்து, புதுக் கேப்பை அழுத்தினேன். கடையிலிருந்து வந்ததுபோல் மின்னியது. என் கையால் செய்த எதுவும் அத்தனை நேர்த்தியாக வந்ததில்லை.

மார்லிஸ் டப்பாவைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள்.

"சரி, கிளம்பு. டுவேன் காத்துட்டு இருப்பான்."

அவ்வளவுதான். அவள் நம்பிவிட்டாள். அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தவள் என்னை நம்புகிறாள் என்றால், நான் எப்பேர்ப்பட்ட பயல்?

கொட்டகையில் சில்லி என்கிற பீன்ஸ் கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் ஆவி பறந்தன. மார்லிஸ் நுழைந்ததுமே அறிவித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. இந்த வருஷம் லோரன் குறி தவறல!"

கைதட்டினார்கள். டுவேன் என் கையைக் குலுக்கினான்.

"நெசமாவா? ஓடைப்பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டுச்சேப்பா."

"பக்கத்துப் பண்ணையா இருக்கும்," என்றேன்.

டுவேனின் மருமகன் ட்ரென்ட் எழுந்தான். நல்ல பையன்.

"நான் தவறிட்டேன் மாமா. பெரிய கொம்பு மான். அவசரப்பட்டுட்டேன்."

சொல்லிவிட்டுத் தானே திரும்பி நின்று வாலைக் காட்டினான். டுவேன் கத்தரிக்கோலை எடுத்தான். மார்லிஸ் அதை வாங்கி என் கையில் திணித்தாள்.

"இந்தத் தடவை லோரன் வெட்டட்டும். தவறாதவன்தானே வெட்டணும்? அதானே முறை?"

"வெட்டு லோரன்! உனக்கும் ஒரு காலம் வந்துருச்சு!"

கத்தரியைத் திறந்தேன். ட்ரென்ட் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, "சந்தோஷமா வெட்டுங்க மாமா, உங்க கையால போனாப் பெருமைதான்," என்றான்.

என் காது இரண்டும் எரிந்தன. கத்தரியை மேசைமேல் வைத்தேன்.

"நானும்தான் தவறினேன். பெட்டை மான். நின்ன இடத்துலயே நின்னுச்சு."

டுவேனுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. அதைவிடச் சிரித்திருக்கலாம்.

மார்லிஸ் தன் பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். மூன்று கூடுகள் உருண்டன. மூன்றிலும் கேப்பு புதுசு. இரண்டு கூடு கரிக்கட்டை. ஒன்று ரத்தினம்.

"என் கூடெல்லாம் பல தடவை சுட்டது. ஒண்ணுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. இது மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி குளிச்சுட்டு வந்திருக்கு."

"அப்போ... அப்பவே தெரியுமா?"

"பல் பிரஷ் கருப்பா இருந்தப்பவே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். சொல்லிட்ட. பரவாயில்ல, மனுஷன்தான்."

அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் நிமிர்ந்தேன். திரும்பி நின்றேன். "வெட்டு மார்லிஸ். நீ தைச்ச சட்டை, நீயே வெட்டு," என்றேன். கண்ணைக்கூட மூடிக்கொண்டேன்.

கத்தரிச் சத்தம் கேட்கவில்லை. இடுப்புக்குப் பின்னால் யாரோ நூலைச் சுண்டுவதுபோல் இருந்தது. சர்ரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். வால் தனியாக அவள் கையில் இருந்தது. சட்டையில் ஒரு இழை பிரியவில்லை. அடியில் மடித்துத் தைத்த ஓரம் கச்சிதமாக இருந்தது.

"இழுத்தா வர்ற மாதிரி லேசா ஓட்டுத் தையல்தான் போட்டிருந்தேன்," என்றாள்.

இரண்டு மடிப்பாக இருந்த அந்த வாலைப் பிரித்து டுவேனிடம் நீட்டினாள். உள்மடிப்பில் என் பேரும் இந்த வருஷமும் பூத்தையலில் ஏற்கெனவே இருந்தன.