பத்தாவது தாளில் விழுந்த மிளகு

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் சூரியனைப் பார்த்தவன் நான். இதை நானே ஒப்புக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டிலே சொல்லிவிடுவார்கள், அதுவும் கைகால் வைத்து.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. மாத்தளைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு மணிக்கூடு திருத்தும் கடை. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு முக்காலி. நானும் அப்பாவும் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு வேலை செய்வோம். மணிக்கூட்டுக்காரன் கண்ணில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்குமல்லவா, அதையும் ஒரு மூக்குக்கண்ணாடி வில்லையையும் மூன்றரை அடி மூங்கில் குழாயின் இரண்டு முனையிலும் பொருத்தி நானே ஒரு தொலைநோக்கி செய்திருந்தேன். (யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் ஒழுங்காகச் செய்திருப்பேன்.)

அந்தக் குழாயில் கண்ணை வைத்து சூரியனைப் பார்க்கக்கூடாது. வைத்தால் கண் போய்விடும். அது எனக்குத் தெரிந்தது, அப்பாவின் குடையில் ஐந்து சதக் காசு அளவுக்கு ஓட்டை விழுந்த பிறகு. குழாயைச் சூரியனுக்கு நேரே நிறுத்தி, கீழே இருட்டான பெட்டிக்குள் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால், சூரியன் தாளில் ஒரு தோசை அளவுக்கு வந்து உட்காரும். அதன் மேல் இருக்கும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே குறித்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் அந்தப் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோகும். சூரியன் பம்பரம் மாதிரி சுற்றுகிறது என்பதை மாத்தளையில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் என் கண்ணால் கண்டேன். அந்த ஆனந்தத்தைக் கேட்க ஆள்தான் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காததற்கு அத்தாட்சியாக, அதற்கு முன்பே இரண்டு வீட்டில் பெண் பார்த்து முடிந்திருந்தது. முதல் வீட்டில் பெண்ணின் தகப்பனார், "தம்பிக்கு வேலையில்லாத நேரத்துல என்ன பொழுதுபோக்கு?" என்று கேட்டார். சாப்பாடு ஆறும்வரைக்கும் சொன்னேன். இரண்டாவது வீட்டிலும் கேட்டார்கள். அங்கே பாயசமும் ஆறியது.

மூன்றாவது இடம் பல்லேபொலப் பக்கம். மிளகும் சாதிக்காயும் போட்ட தோட்டக்காரர், வேலாயுதம் என்று பெயர். ஒரே மகள், கமலா. அந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் விஷயம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சுவர்க்கடிகாரத்தைத் திருத்தக் கொண்டுவந்திருந்தாள். நான் அதைத் திறந்ததும் மூக்கை நுழைக்காத குறையாக எட்டிப்பார்த்து, "இந்தச் சின்னச் சக்கரம் ஓடுறதுக்கும் அந்தப் பெரிய சக்கரம் ஓடுறதுக்கும் என்ன கணக்கு?" என்று கேட்டாள். கடைக்கு வந்து அப்படி ஒரு கேள்வி கேட்டவர் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். இந்த இடமும் தட்டிப்போனால் நான் காலமெல்லாம் முக்காலியிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று தோன்றியது.

அப்பாவுக்கும் அது புரிந்திருந்தது. கிளம்புமுன் சத்தியம் வாங்கினார். "டேய், அங்க போயி வானத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வெயில் அடிக்குதான்னு கேட்டாக்கூட என்னைப் பாரு, நான் சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். ஆனால் நான் ஒன்பது நாளாக ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தைத் தொடர்ந்து வரைந்துகொண்டு வந்திருந்தேன். கடையில் சாப்பாட்டு நேரம், பகல் பன்னிரண்டரை. ஒருநாளும் தவறவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாளில் அந்தக் கூட்டம் ஓரத்தைத் தாண்டி மறைந்துவிடும். பத்தாம் நாள்தான் பெண் பார்க்கும் நாள். நான் என்ன செய்ய? வானத்தைப் பற்றிப் பேசத்தான் கூடாது என்றார். வரையக்கூடாது என்று சொல்லவில்லையே.

குழாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். "அந்தப் பக்கம் ஒருத்தருக்குக் குடுக்கணும், திரைச்சீலைக் கம்பு," என்று அப்பாவிடம் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டர் அதைத் தட்டிப்பார்த்து, பக்கத்தில் பலகாரத் தட்டையும் பார்த்து, சிங்களத்தில் கேட்டார்: "பொண்ணு பாக்கப் போறப்பவே நாயனத்தையும் கொண்டு போறீங்களா? அவ்வளவு நம்பிக்கையா?" பஸ்ஸே சிரித்தது. துணி அவிழ்ந்தது. அப்பா குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பல்லேபொல வரும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலாயுதம் மாமா வீட்டு முற்றம் முழுவதும் மிளகு. பாய்க்குப் பாய் இடமில்லாமல் விரித்திருந்தது. மூன்று நாள் காய்ந்து, கையால் அள்ளினால் சலசலவென்று பேசும் பதத்தில் இருந்தது. அந்த வீட்டில் ஒரு சட்டம். மிளகு வெயிலில் கிடக்கும்வரை ஒருவர் பாய் ஓரத்திலேயே நிற்க வேண்டும். கோழியை விரட்டுவதும் மிளகைக் கிண்டிவிடுவதும் இரண்டாவது வேலை. முதல் வேலை, வானத்தைப் பார்ப்பது. மலைக்கு அந்தப் பக்கம் கறுத்தால் "மழை" என்று ஒரு குரல். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பாயைச் சுருட்டுவார்கள். அன்றைக்கு அந்த முறை கமலாவுக்கு.

"பொண்ணை உள்ள உக்கார வச்சு, அலங்காரம் பண்ணிக் காட்டுற பழக்கம் நமக்கு இல்லீங்க," என்றார் மாமா அப்பாவிடம். "மிளகு கிண்டுறப்பவே பாத்துக்கங்க. நாளைக்கு லாரி வருது. காயுறது நின்னா லாரியும் நிக்கும்."

அவர் நல்ல மனிதர். எல்லாம் நன்றாகத்தான் போனது. அத்தை இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அப்பாவின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது. அப்போதுதான் அந்தச் சுவர்க்கடிகாரம், என் கையால் திருத்திய அதே கடிகாரம், பன்னிரண்டேகால் காட்டியது.

"மாமா, உங்க வீட்டுல தேயிலைப் பெட்டி ஒண்ணு இருக்குமா?" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா பெட்டி கொடுத்தார், கம்பளியும் கொடுத்தார். "எதுக்குங்க தம்பி?" என்று கேட்டார். சத்தியத்தை மீறாமல், "ஒரு படம் வரையணும்," என்றேன். முற்றத்தில் மரநிழல் விழாத இடமெல்லாம் பாய்தான். அதனால் ஒரு பாயின் மூலையிலிருந்த மிளகைக் கையால் ஒதுக்கிவிட்டு, பெட்டியை வாய் மேலே பார்க்க அதன் மேலேயே வைத்தேன். (இந்த மூலையை மறக்க வேண்டாம்.) மூன்று கம்பு நட்டு, உச்சி வெயிலுக்கு நேரே குழாயை நிறுத்தினேன். சூரியன் தாளில் வந்து இறங்கியது.

மாமா கம்பளிக்குள் தலையைவிட்டுப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் அப்பாவைப் பார்த்து, "அண்ணே, சூரியன்ல மிளகு காயப் போட்டிருக்காங்க," என்றார்.

"அந்த ஒரு மிளகுக்குள்ள நம்ம பூமியையே போடலாம் மாமா," என்றேன். சத்தியம் அங்கேயே செத்தது.

அத்தை பார்த்தார். அப்பாவும் பார்த்தார். என்னுடன் ஒரே கடையில் இருந்துகொண்டு அதுவரை ஒருநாளும் பார்க்காத மனிதர், "ம்," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சிக்கல். சூரியன் ஓரிடத்தில் நிற்காது. இரண்டு நிமிடத்தில் தாளைவிட்டு நழுவிவிடும். கடையில் நானே ஒரு கையால் குழாயைத் தள்ளி மறுகையால் வரைவேன். அன்றைக்கு நல்ல படமாக வர வேண்டும் என்ற ஆசையில், பாய் ஓரத்தில் நின்ற கமலாவைக் கூப்பிட்டேன்.

"குழாயோட நிழலைப் பாத்துக்கிட்டே இருங்க. நிழல் சின்ன வட்டமா இருக்கணும். நீண்டுச்சுன்னா லேசாத் தள்ளுங்க."

"எந்தப் பக்கம்?"

"நிழல் சுருங்குற பக்கம்."

அவள் கிண்டுகோலைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். எவ்வளவு நேர்த்தியாகத் தள்ளினாள் தெரியுமா. சூரியன் ஆணி அடித்தது மாதிரி நின்றது. நான் கம்பளிக்குள் தலையைவிட்டு வரைய, அவள் மேலிருந்து கேள்வி கேட்டாள். "இது தினமும் நகருதா? அப்ப ஒரு சுத்து முடிய எத்தனை நாளு?" மாதம் ஒன்று கிட்ட ஆகும் என்றேன். "அதுக்கும் உள்ள சக்கரம் இருக்குமோ?" என்றாள். பெட்டிக்குள் நான் சிரித்த சிரிப்பை யாரும் பார்க்கவில்லை.

ஆக, அந்த வீட்டில் வானத்தைப் பார்க்க வேண்டியவள் தரையில் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தைப் பார்ப்பதாகப் பீற்றிக்கொள்பவன் பெட்டிக்குள் இருந்தான். மற்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைப்பக்கம் பார்க்க ஒருவரும் இல்லை.

வெயில் இருக்கும்போதே வந்தது மழை. அதுதான் என்னைக் கெடுத்தது. தாளில் சூரியன் பளிச்சென்று இருக்கிறது, மழை என்று எப்படித் தெரியும்? திடீரென்று படம் கொஞ்சம் கலங்கியது. "கண்ணாடியை யாரும் தொட்டீங்களா?" என்று கேட்டேன். வெளியே ஏதோ கத்தினார்கள். அதன்பின் படபடவென்று ஒரு சத்தம், கூடிக்கொண்டே வந்தது.

இப்போதும் சொல்லக் கூசுகிறது. அவர்கள் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இருபத்தாறு வருடமாக யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. தகரக் கூரையில் விழும் மழை அச்சாக அப்படியே இருந்தது. "போதும், போதும், இன்னும் ரெண்டு புள்ளி இருக்கு," என்று அடக்கமாகச் சொன்னேன். கைதட்டல் இன்னும் பலத்தது. சூரியன் நழுவ ஆரம்பித்தது. "தள்ளுங்க, தள்ளுங்க," என்றேன். தள்ளுவதற்கு அங்கே ஆள் இல்லை.

"தம்பி, பாயை விடுங்க!" என்று மாமா குரல் கேட்டது.

"யாரும் அசைக்காதீங்க!" என்று நான் பெட்டிக்குள்ளிருந்து கத்தினேன்.

மற்றப் பாய்களெல்லாம் சுருட்டி உள்ளே போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒன்று. அதன் ஒரு மூலையில் பெட்டி, பெட்டிக்குள் என் தலை. மாமாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள். குழாய் சாய்ந்தது, பெட்டி கவிழ்ந்தது, பெட்டிக்குள் என் பாதி உடம்பும் சேர்ந்து கவிழ்ந்தது. பாய் குடைசாய்ந்து, மூன்று நாள் காய்ந்த மிளகு முற்றத்துச் சரிவில் சலசலவென்று ஓடி, சரளைக்கல்லிலும் சேற்றிலும் கலந்தது. கம்பளியோடு எழுந்து நின்றேன். மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கமலா தன் கிண்டுகோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என் முறைதான்ப்பா. நாந்தான் நகந்துட்டேன்," என்றாள்.

"நாந்தான் கூப்பிட்டேன் மாமா," என்றேன்.

மாமா வெறும் பாயைச் சுருட்டினார். அப்பா செருப்பைத் தேடினார். மூன்றாவது வீடும் முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

மழை பத்து நிமிடத்தில் விட்டது. எனக்கு அந்த முற்றத்தைக் கடந்து போக மனம் வரவில்லை. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்ன இடுக்கியை, மணிக்கூட்டுத் திருகாணி பிடிக்கும் இடுக்கியை எடுத்தேன். சரளைக்கல்லுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கத் தொடங்கினேன்.

முதலில் சிரித்தது கமலாதான். "அதுல பொறுக்கினா பொங்கல் வந்துரும்," என்றாள். சொல்லிவிட்டு ஒரு சுளகை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அத்தை ஒரு சல்லடை கொண்டுவந்தார். கடைசியில் அப்பாவும் செருப்பைக் கழற்றினார். எங்கள் பஸ் வந்ததும் போனதும் கேட்டது. யாரும் எழவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மாமா என் பக்கத்தில் குந்தினார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு மிளகைப் பிடிக்க நான் இடுக்கியோடு போராடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உங்க மகன் மழை வந்தாத் தெரியாத ஆளு," என்றார் அப்பாவிடம்.

"ஆமாங்க," என்றார் அப்பா.

"ஆனா ஒரு மிளகை விட மாட்டேங்குறாரு."

"அது எங்க தொழிலுங்க," என்றார் அப்பா. எனக்காக அவர் பேசிய ஒரே வார்த்தை.

மாமா மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

கமலா சுளகைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "பத்து நாளு வரைஞ்சாரு. பதினோராம் நாளு படத்துக்கு என்ன செய்வாரு? நாளைக்கும் இங்கயே வரையட்டும்." ஒரு கல்லைப் பொறுக்கி வீசினாள். "பெட்டி மட்டும் பாயில வேணாம்."

நனைந்த மிளகை அன்று அடுப்புக்கு மேலே பரணில் பரப்பினார்கள். லாரிக்காரருக்கு இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி ஆள் போனது. பதினோராம் தாளை நான் அந்த முற்றத்திலேயே வரைந்தேன்.

பத்தாவது தாள் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் பதினொரு புள்ளி நான் வரைந்தது. மிச்சமெல்லாம் நனைந்த மிளகு உருண்டு போட்ட கறை. எது சூரியனுடையது, எது பல்லேபொலவுடையது என்று எனக்கே இப்போது தெரியாது. விருந்துக்கு வருபவர்கள் "இதென்ன?" என்று கேட்டால் கமலா முந்திக்கொண்டு, "எங்க கல்யாணப் படம்," என்று சொல்லிவிடுவாள். கதை முழுவதும் அப்புறம் வரும், இடுக்கியோடு.

எங்கள் வீட்டில் "மழை வருது" என்று சொல்லும் வழக்கம் இல்லை. பிள்ளைகள் அப்படியே பழகிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி ஒருமுறை முழங்காலில் நின்றும் வந்தார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்கட்டுத் தகரத்தில் சத்தம் கேட்கிறது. எனக்கு அது நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் காத்திருக்கிறேன். இதோ வந்துவிட்டது, அடுப்படியிலிருந்து குரல்:

"ஏங்க, கைதட்டுறாங்க. போயி துணியை எடுங்க."