மொட்டைமாடியில் செவ்வாய்

ஊரில் யார் வீட்டுப் பூட்டையும் ஒரு கம்பியால் திறந்துவிடுவார் அந்தப் பூட்டுக்காரர். தன் வீட்டில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அன்று திறந்தார்.

"இனிமே இருட்டினதும் மாடிக்குப் போய் வானம் பாக்கப்போறேன். கிரகமெல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியுதாம்."

உண்மையில் அவர் பார்க்கப் போனது சிகரெட்டை. நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனி ஒண்ணுகூடக் கூடாது" என்றிருந்தார். மகள் அழுதே விட்டாள். அவளுக்குக் கொடுத்த வாக்கு தரையில்தான் செல்லும், மாடியில் செல்லாது என்று இவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

மனைவியின் குறுக்கு விசாரணைக்குப் பதில்களோடு தயாராக நின்றார். அவளோ, "போய்ட்டு வாங்க" என்றாள்.

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தால்கூட எங்கே, எப்போ, யார் எதிர்ல என்று துருவுகிறவள் ஏன் சும்மா இருக்கிறாள்?

தண்ணீர்த்தொட்டி ஓரமாகக் குந்தி, படிக்கட்டுக் கதவிலேயே கண்ணை வைத்துப் புகைத்தார். யாரும் வரவில்லை. இரண்டு முறை இருமிக்கொண்டார். ஏலக்காயை மென்றுகொண்டு இறங்கினார்.

"என்ன தெரிஞ்சுது?"

"மேற்கே வெள்ளி. சிமிட்டாம நின்னுச்சு. நட்சத்திரம்தான் மின்னும், கிரகம் மின்னாது."

"அப்படியா!" என்று துணி மடித்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சரியில்லை.

நாலாம் நாள் இறங்கி வந்தால் வீட்டில் அவளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து வந்தாள். பிடி கிடைத்தது என்று பாய்ந்தார்.

"இருட்டுல எங்கே போயிருந்தே?"

"டெய்லரம்மா வீட்டு மாடிக்கு. வானம் பாக்க."

"நம்ம மாடி இருக்கறப்ப அங்கே எதுக்கு?"

"நம்ம மாடியிலேர்ந்து செவ்வாய் தெரியாதே."

"எங்கேயிருந்து பாத்தாலும் செவ்வாய் ஒண்ணுதான்டி!"

"இல்லீங்க. அங்கேயிருந்து பாத்தா நம்ம தண்ணித்தொட்டி பக்கத்துல உதிக்குது, செக்கச்செவேல்னு. ஒரு இழுப்புக்குப் பளிச்சுங்குது, அப்புறம் மங்கிப்போகுது. பேரும் பொருத்தம்தான். வாயிலதானே இருக்கு!"

பூட்டுக்காரருக்கு ஏலக்காய் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஆனாலும் விடவில்லை.

"மின்னுச்சுன்னா அது செவ்வாயே இல்லை. ஏதோ நட்சத்திரம்."

"ஓஹோ. நட்சத்திரம் இருமுமாங்க?" என்றாள் அவள்.